கொப்பியா, கணனியா, பொதுப் பதிவேடா? மலையகச் சிறுவர் கிளினிக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டன் நகரில் மாலை நேரத்தில் நடக்கும் ஒரு சிறுவர் கிளினிக்குக்கு, ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்று இருமலோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறை 7.4 கிலோ. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் இது நல்ல பகுதிக்குள்ளேயே வருகிறது. ஆனால் ஆறாம் மாதத்தில் இதே குழந்தையின் நிறை 7.3 கிலோ. மூன்று மாதத்தில் ஏறியது வெறும் 100 கிராம். அந்த வயதில் சராசரியாக 900 கிராம் வரை ஏறியிருக்க வேண்டும். இருமல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பிவிடக் கூடாத பிள்ளை இது. வைத்தியருக்கு அதைச் சொல்லக்கூடியது ஆறாம் மாத நிறை மட்டும்தான். அந்த எண் வைத்தியரின் மேசைக்கு எப்படி வந்துசேரும்?

வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மலையகத்தின் நிலைமையில் வைத்துப் பார்த்தால்தான் எது சரிப்படும் என்று தெரியும்.

இங்கே ஏன் இது அவசரம்?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 32 சதவீதம். நுவரெலியா மாவட்டத்திலும் அதே அளவு. இந்தக் குறை ஒரே நாளில் வருவதில்லை. மாதாமாதம் சிறுகச் சிறுகச் சேர்கிறது. ஆகவே அதைப் பிடிக்க வேண்டுமானால் மாதாமாதம் எடுத்த அளவுகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

அளவுகள் இல்லாமல் இல்லை. தோட்டத்துச் சிறுவர் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் நிறை பார்க்கிறார்கள். தோட்ட மருந்தகத்தில் வைத்திய உதவியாளர் ஒரு பதிவு வைத்திருக்கிறார். குடும்பநல உத்தியோகத்தர், அதாவது தோட்டத்தில் எல்லோரும் சொல்கிற மிட்வைப், தம் பதிவேட்டில் எழுதுகிறார். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பிள்ளையைச் சேர்த்திருந்தால் அங்கே ஒரு கோவை இருக்கும். தனியார் கிளினிக்கில் இன்னொன்று. ஒரே பிள்ளை ஐந்து இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் எழுதியது மற்ற இடத்துக்குப் போவதில்லை.

முதலாம் வழி: தாயின் கையில் இருக்கும் பதிவேடு

இலங்கையில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார விருத்திப் பதிவேடு ஒன்று கொடுக்கப்படுகிறது. கிளினிக் கொப்பி என்று தாய்மார் சொல்வது இதைத்தான். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. தடுப்பூசி, நிறை, உயரம், தலைச் சுற்றளவு, வளர்ச்சிப் படிகள் எல்லாம் அதில் உண்டு. ஜப்பானில் தாய் சேய்க் கையேடு 1948 முதல் இதே வேலையைச் செய்து வருகிறது. பிரித்தானியாவில் அதைச் சிவப்புப் புத்தகம் என்கிறார்கள்.

இதன் பலம் பெரிது. மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். பிள்ளை போகுமிடமெல்லாம் கூடவே போகும். பொகவந்தலாவையிலிருந்து மஸ்கெலியாவுக்குக் குடும்பம் இடம் மாறினாலும், தாய் வேலைக்கு வெளிநாடு போய்ப் பாட்டி பிள்ளையை வளர்த்தாலும், கொப்பி இருந்தால் கதை தொடரும்.

பலவீனங்களும் உண்டு. காய்ச்சல் என்று இரவில் ஓடிவரும்போது கொப்பி லயத்து அறையில் ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கும். மழை ஒழுகும் கூரையின் கீழ்த் தாள் நைந்துபோகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. ஒரே பிரதி மட்டுமே உள்ள எந்தப் பதிவுக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வராத பிள்ளை யார் என்று கொப்பி யாருக்கும் சொல்லாது. அது தாயோடு வீட்டிலேயே இருந்துவிடும்.

இரண்டாம் வழி: கிளினிக்கின் சொந்தக் கணனி

விலைக்கு வாங்கும் மென்பொருள் முதல் ஒரு எக்செல் அட்டவணை வரை எல்லாம் இதில் அடங்கும். ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து வரும் பிள்ளைக்கு இது நல்லது. பழைய மருந்து, ஒவ்வாமை, கடைசி நிறை எல்லாம் ஒரு நொடியில் கிடைக்கும். அடுத்த தவணையை நினைவூட்டிக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது இதற்குத் தெரியாது. ஓர் உதாரணம் பாருங்கள். அரசாங்கத்தின் தடுப்பூசி அட்டவணையில் ஒன்பதாம் மாதம் எம்.எம்.ஆர்., பன்னிரண்டாம் மாதம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, மூன்று வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர். ஆகியவை வருகின்றன. சின்னம்மை ஊசி அந்த அட்டவணையில் இல்லை. வசதியுள்ள பெற்றோர் தனியாரிடம் பணம் கொடுத்துப் போடுகிறார்கள். இவை எல்லாம் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசிகள். இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும். இல்லாவிட்டால் இடையில் குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். ஹட்டனில் சின்னம்மை ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து, தோட்டத்துக் கிளினிக்கில் மூளைக்காய்ச்சல் ஊசிக்குப் பிள்ளை வரிசையில் நிற்கிறது. ஹட்டன் கணனியில் அழகாகப் பதிந்திருக்கும் விபரம் மிட்வைப்புக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் வழி: எல்லோரும் சேர்ந்து எழுதும் பொதுப் பதிவேடு

ஒரு பிள்ளைக்கு ஒரே பதிவு. அனுமதி உள்ள ஒவ்வொருவரும் தம் பங்கை எழுதுவார்கள், மற்றவர் எழுதியதைப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு அரசின் பிக்மி என்ற தாய் சேய்ப் பதிவு முறை இதற்கு நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம். கர்ப்பம் பதிவாகும்போதே தாய்க்கு ஓர் எண் கொடுத்து, பிரசவம், தடுப்பூசி என்று அந்த எண்ணோடு கோத்துச் செல்கிறார்கள். அரசு வைத்தியசாலை, தனியார் வைத்தியசாலை என்ற பேதம் அதற்கு இல்லை.

இலங்கையில் அடித்தளம் இருக்கிறது. குடும்ப சுகாதாரப் பணியகம் தாய் சேய் நலத் தரவுகளுக்காக டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளில் ஒரு மின்னணு முறையை நடத்துகிறது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த மென்பொருள் அது. 2020இன் தொடக்கத்தில் கொரோனாக் கண்காணிப்புக்கு இதே மென்பொருளை நம் நாட்டவர்கள் மாற்றியமைத்தபோது, பல நாடுகள் அதைப் பின்பற்றின. ஆனால் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பணியகத்தின் முறை பெரும்பாலும் தொகைக் கணக்கைச் சுமப்பது. எத்தனை பிள்ளைகளுக்கு நிறை குறைவு என்று அது சொல்லும். அந்தப் பிள்ளை எந்த டிவிசனில், எந்த லயத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பதிவு வேண்டும். பொதுப் பதிவேடு என்று யாராவது ஒன்றைக் காட்டினால் முதலில் இதைக் கேளுங்கள்.

வட்ஸ்அப் குழு ஒரு வழியாகாது. கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போடுவது அவசரத்துக்குக் கைகொடுக்கலாம். பிள்ளையின் பெயரும் நோயும் யார் யார் தொலைபேசியிலோ தங்கிவிடும். தேவைப்படும் நாளில் தேடினால் கிடைக்காது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

சிக்னல். நகரத்தில் பிரச்சினை இல்லை. பணிய லயங்களில் மேட்டில் ஏறி நின்றால்தான் அழைப்பு கிடைக்கும். ஆகவே இணையம் இல்லாமலும் பதிந்துகொண்டு, பிறகு இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பும் செயலி வேண்டும். டி.எச்.ஐ.எஸ்.2இன் கைத்தொலைபேசிச் செயலி அதைச் செய்யும். விற்கிறவர் இணையம் கட்டாயம் வேண்டும் என்றால் நகரக் கிளினிக் வாங்கலாம், தோட்ட மருந்தகம் வாங்கக் கூடாது.

அடையாளம். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு பெயர், கொப்பியில் தமிழில் ஒரு பெயர், கணனியில் ஆங்கில எழுத்தில் இன்னொன்று. பல குடும்பங்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது, தோட்டத்தின் பெயரே முகவரி. பெயரையும் முகவரியையும் நம்பித் தேடும் முறை ஒரே பிள்ளையை மூவராக்கிவிடும். பிறந்த திகதி, பிறப்புப் பதிவு இலக்கம், தாயின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றால் தேட முடிய வேண்டும். தோட்டம், டிவிசன், லய இலக்கம் மூன்றுக்கும் தனித்தனி இடம் இருக்க வேண்டும்.

எழுதும் கை. மிட்வைப்புக்கு ஏற்கெனவே எழுத வேண்டிய படிவங்கள் ஏராளம். புதிய முறை பழைய ஒன்றை எடுத்துவிட்டு வரவேண்டும். இரண்டையும் எழுது என்றால் சில மாதத்தில் ஒன்று வெறுமையாகிவிடும். திரை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.

இரகசியம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தரவுகளையும் பிள்ளைகளின் தரவுகளையும் விசேட வகையில் வைக்கிறது. தோட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைக் காம்பராவையும் மருந்தகத்தையும் நடத்துவதில் வேலை கொடுக்கும் நிர்வாகத்துக்கும் பங்கிருக்கிறது. தாயின் உடல்நிலையோ பிள்ளையின் நோயோ மஸ்டர் எடுக்கும் இடத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வகுக்காத முறையில் சேர வேண்டாம்.

யாருக்கு எது பொருந்தும்?

தனியொரு வைத்தியர் மாலையில் நடத்தும் கிளினிக்குக்கு முதலாம் வழியே போதும், ஆனால் முழுமையாகச் செய்ய வேண்டும். வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொப்பியைக் கேளுங்கள். இருமலுக்கு வந்தாலும் நிறை பார்த்துக் கோட்டில் புள்ளி வையுங்கள். தனியார் ஊசி எதுவானாலும் பெயர், தொகுதி இலக்கம், திகதி எழுதி முத்திரை குத்துங்கள். கொப்பி வராவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து மிட்வைப்பிடம் காட்டச் சொல்லுங்கள்.

பல வைத்தியர்கள் இருக்கும் நுவரெலியா நகரத் தனியார் நிலையங்களுக்கு இரண்டாம் வழி தேவைப்படும். தரவைப் பொதுவான வடிவில் வெளியே எடுக்க முடிகிற மென்பொருளை மட்டும் வாங்குங்கள். நாளை பொதுப் பதிவேடு வரும்போது இணைய முடியாத மென்பொருள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் நட்டம்தான்.

தோட்ட மருந்தகமும் பிள்ளைக் காம்பராவும் தமக்கென்று தனி மென்பொருள் தொடங்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு சேர்ந்து மூன்றாம் வழிக்குப் போங்கள். ஒரு டிவிசனில் தொடங்கி, ஒரு வருடம் ஓட்டிப் பார்த்து, பிறகு விரிக்கலாம்.

சேருமுன் பணிமனையிடமோ விற்பனையாளரிடமோ கேட்க வேண்டியவை ஐந்து. நாங்கள் எழுதியதை மிட்வைப் பார்க்க முடியுமா? அவர் எழுதியது எங்களுக்குத் தெரியுமா? இந்த மாதம் வராத பிள்ளைகளின் பட்டியல் ஒரே தட்டில் வருமா? ஒப்பந்தம் முடிந்தால் தரவு யாருடையது? கணனி படுத்துவிட்டால் அன்றைக்கு என்ன செய்வது?

மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் மற்ற நான்கையும் கேட்க வேண்டாம். கிளினிக்குக்கு வரும் பிள்ளையை எந்தப் பதிவேடும் எழுதும். கொழுந்து பறிக்கும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும், சம்பளம் குறையும். அதனால்தான் பல பிள்ளைகள் தவணைக்கு வருவதில்லை. அவர்களைத் தேடிப் போக வேண்டியது நம் கடமை, பதிவேடு அதற்கான வழியைக் காட்ட வேண்டும்.

என் முடிவு இது. இன்று கொப்பியை ஒழுங்காக எழுதுங்கள், நாளைக்குப் பொதுப் பதிவேட்டுக்குத் தயாராகுங்கள், இடையில் யாரோடும் பேசாத தனிக் கணனிக்குப் பணம் கொட்டாதீர்கள். பொதுப் பதிவேடு வந்த பிறகும் கொப்பியைத் தாயின் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். பிள்ளையின் விபரம் முதலில் அவளுக்குச் சொந்தம்.