சாக்கை அறுக்கும் பூஞ்சை



மழைக்காலத்தில் மூட்டையைத் தூக்கும்போது சாக்கு அடியில் பிய்ந்து சரக்கு கொட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓர் ஐப்பசி அடைமழையில் எங்கள் கிடங்கில் சுவரோரம் அடுக்கியிருந்த துவரம் பருப்பு மூட்டைகள் அப்படித்தான் போயின. எலி கடித்த தடம் இல்லை. மட்டமான சாக்கைத் தள்ளிவிட்டார் என்று சாக்குக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனோம். பிறகுதான் தெரிந்தது, குற்றம் அவர்மேல் இல்லை, எங்கள் ஈரச் சுவர்மேல் என்று.

சணல் நாரில் பாதிக்கு மேல் செல்லுலோஸ். மாவுச்சத்தைப் போலவே அதுவும் குளுக்கோஸ் சர்க்கரையைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலிதான். கோத்த விதம் மட்டும் வேறு. மாவுச்சத்தை நம் எச்சிலில் உள்ள நொதி அறுத்துவிடும். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். செல்லுலோஸை அறுக்கும் நொதி நம் உடலில் இல்லை. பூஞ்சையிடம் இருக்கிறது. அது செல்லுலேஸ் என்னும் நொதியைக் கசியவிட்டு, சாக்கையே சர்க்கரையாக்கி உறிஞ்சிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுப் பகுதியில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இப்படித்தான் இற்றுப் போயின. அங்கே பிடிபட்ட ஒரு பூஞ்சையைப் படையின் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் ஆராய்ந்தவர் எல்வின் ரீஸ். 1977இல் அதற்கு அவர் பெயரையே சேர்த்து 'ட்ரைக்கோடெர்மா ரீசி' என்று பெயரிட்டார்கள். கூடாரத்தைத் தின்ற அந்த நொதியை இன்று ஆலைகளில் வளர்த்தெடுத்து, ஜீன்ஸ் துணிக்கு மங்கிய தோற்றம் தரவும் சலவைத் தூளில் கலக்கவும் விற்கிறார்கள். நமக்கு நட்டம் தந்தது அவர்களுக்குச் சரக்கு!

நாம் அறிய வேண்டியது ஒன்றுதான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியை அறுக்கவும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சையும் வளராது, நொதியும் வெட்டாது. ஆகவே:

1. மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டைப் பலகைமேல் அடுக்குங்கள்.

2. சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விடுங்கள்.

3. நனைந்த சாக்கை உலர்ந்த சாக்கோடு சேர்க்காதீர்கள்.

4. பூஞ்சை பிடித்த பருப்பையும் நிலக்கடலையையும் வெயிலில் காயவைத்து விற்காதீர்கள். பூஞ்சை அடங்கலாம், சிலவகைப் பூஞ்சை விட்டுச் செல்லும் நஞ்சு போகாது.

ஒரு மூட்டை நட்டத்தை நாம் தாங்கிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் வயிறு தாங்காது.