அனுப்பும் விரலின் நிய்யத்

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மக்கள் சிதறி ஓடும் வீடியோ கைபேசிக்குக் கைபேசி பரவியது.

ஏன் அனுப்பினோம்? எச்சரிக்கைக்காக என்போம். சிலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் அனுப்பிய பிறகு, யார் பார்த்தார்கள் என்று நீல டிக்கைத் திரும்பத் திரும்பத் தேடினோமே, அது எதற்கு? 'முதலில் சொன்னவன் நான்' என்கிற சுகம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலும் கைபேசி இருக்கும் என்று எத்தனை பேர் நினைத்தோம்?

இந்தச் சுகத்தைத் தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். மனித மனத்தின் பலவீனத்தைப் பயன்படுத்தித்தான் இதை உருவாக்கினோம் என்று பேஸ்புக்கின் முதல் தலைவர் ஷான் பார்க்கரே 2017இல் ஒப்புக்கொண்டார். லைக் எப்போது விழும் என்று தெரியாது. தெரியாததால்தான் கை ஓயாமல் அங்கே போகிறது.

மார்க்கத்தில் இதற்குப் பழைய பெயர் ரியா. சிறிய ஷிர்க் என்று சொல்லி, நம் விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் மிகவும் அஞ்சியது இதைத்தான் (அஹ்மத்). உடனே கஃபாவின் முன் செல்ஃபி எடுப்பவர் நினைவுக்கு வருவார். அவரை விடுங்கள். ரமளானில் நாம் அரிசிப் பை கொடுக்கும் போட்டோவைப் பாருங்கள். வலது கை கொடுப்பதை இடது கை அறியாதபடி கொடுத்தவருக்கு மறுமையில் நிழல் உண்டு (புகாரி). நம் போட்டோவிலோ வாங்குபவரின் முகம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அவருடைய மகள் படிக்கும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அது போய்ச் சேரும்.