ஆடிப் பருவ ஆலோசனை: தேனீ, குளவிக் கொட்டு

தேனீயோ குளவியோ கொட்டினால் பெரும்பாலோருக்கு அந்த இடம் வீங்கி, வலித்து, இரண்டொரு நாளில் அடங்கிவிடும். சிலருக்கு அதே நஞ்சு ஒவ்வாமையாகி உடல் முழுவதையும் தாக்கும்.

ஐரோப்பிய ஆய்வுகளின்படி, வளர்ந்தோரில் 100க்கு 9 முதல் 28 பேரின் உடல் இந்த நஞ்சுக்கு எதிராக, ஒவ்வாமையைத் தூண்டும் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கிறது. இவர்களில் பலருக்குக் கடும் பாதிப்பு வருவதில்லை. உடல் முழுதும் ஒவ்வாமை காண்போர் 100க்கு 0.3 முதல் 7.5 வரை. அடிக்கடி கொட்டு வாங்கும் தேனீ வளர்ப்போரில் இது 14 முதல் 32 வரை ஏறுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆடி, எச்சரிக்கைக்குரிய மாதம். காற்று கிளைகளை முறித்துக் கூடுகளைக் கலைக்கும். திராட்சைப் பந்தலின் அடியில் குளவி கூடு கட்டும். வெடித்த பழத்தை மொய்க்கும். தொழிலாளர் ஜீப்பில் மலையேறிச் சென்று வேலைசெய்யும் ஏலத்தோட்டங்களில் பூக்களைத் தேடித் தேனீ வரும். குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் ஆடிச் சனிக்கிழமைகளில் சேரும் கூட்டத்துக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும்.

முன்னெச்சரிக்கை:

- தென்னையில் ஏறுமுன் மட்டை இடுக்கில் கடந்தைக் குளவிக் கூடு உண்டா எனப் பார்க்கவும்.
- மலைத்தேனீ அடை தொங்கும் மரத்தடியில் அடுப்பு மூட்டக் கூடாது, வெடி போடக் கூடாது.
- கூட்டின் மேல் கல் எறியவோ தீ வைக்கவோ கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லவும்.
- தோட்டத்தில் முழுக்கைச் சட்டை, காலணி அணியவும். இளநீர், பழச்சாறைத் திறந்து வைக்க வேண்டாம்.
- தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே எடுக்கவும். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுப்பது என்பதே முக்கியம்.
- கொட்டிய இடத்திலிருந்து விலகி ஓடவும். கொடுக்கிலிருந்து எழும் மணம் மற்றத் தேனீக்களையும் அழைக்கும்.
- கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கவும்.

வாயிலோ தொண்டையிலோ கொட்டினாலன்றி, கொட்டிய இடத்து வீக்கம் எவ்வளவு பெரிதானாலும் பேராபத்து அதில் இல்லை. கொட்டியது கையில், தடிப்பு வயிற்றில். கொட்டியது காலில், அடைப்பு தொண்டையில் என்றால் அதுவே ஆபத்து. உடலெங்கும் அரிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்மல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். மூச்சிரைப்போ தலைசுற்றலோ தொடங்கிவிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

தலைசுற்றுபவரைப் படுக்க வைக்க வேண்டும். எழுப்பி நிறுத்தக் கூடாது. நடத்தக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, அந்தக் கணத்திலேயே இதயம் நின்றுபோகலாம். கால்களைச் சற்று உயர்த்தவும். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். மூச்சுத் திணறுபவர் கால் நீட்டி உட்காரலாம். எழுந்து நிற்கக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் மயங்கியவரை பைக்கில் நடுவே உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு பறப்பவர்கள் இருக்கிறார்கள். அது உதவி அல்ல, உயிரோடு விளையாட்டு. 108ஐ அழைக்கவும், வேறு வாகனம் கிடைத்தால் அதிலும் படுத்த நிலையிலேயே சின்னமனூர் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டு செல்லவும்.

சுண்ணாம்பு தடவிவிட்டு வேடிக்கை பார்ப்பது அடுத்த தவறு. பிரிட்டனில் கொட்டு வாங்கி இறந்தவர்களை ஆராய்ந்ததில், கொட்டியதிலிருந்து இதயம் நிற்கும்வரை இடைநிலைக் கால அளவு 15 நிமிடமே. உயிர் காப்பது அட்ரினலின் ஊசி: வளர்ந்தோருக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். அடங்காவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும். அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது.

"போன தடவை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சும் செல்லாது. கொட்டு வாங்கி இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முன்பு கடும் ஒவ்வாமை வந்ததே இல்லை.

கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் நஞ்சின் அளவே கேடு செய்யும்: தசை சிதையும், சிறுநீரகம் செயலிழக்கும். தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சிறுநீர் கறுத்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஒருமுறை உடல் முழுதும் ஒவ்வாமை கண்ட வளர்ந்தோரில் 100க்கு 25 முதல் 70 பேருக்கு அடுத்த கொட்டிலும் அது திரும்பலாம். அவர்கள் பிழைத்ததோடு விட்டுவிடாமல் ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நஞ்சைச் சிறுசிறு அளவில் 3 முதல் 5 ஆண்டுகள் செலுத்தும் சிகிச்சை, தேனீ ஒவ்வாமையில் 100க்கு 77 முதல் 84 பேரையும் குளவி ஒவ்வாமையில் 91 முதல் 96 பேரையும் காக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மருந்து அட்ரினலினின் வேலையைத் தடுக்கக்கூடும்.