கடன் பத்திரத்தில் வாழும் பழஞ்சொற்கள்

எமது லோதி ரோடு கிளைக்கு வீட்டுக் கடன் பெற வரும் தமிழ் அன்பர்களுள் பலர் ஆங்கிலத்திலேயே அலுவல் பார்ப்பவர்கள். ஆயினும் சில பத்திரங்களின் முதல் வரியிலேயே வரும் ‘இண்டென்சர்’ என்னும் சொல்லின் பொருள் யாது என அவர்களும் எம்மிடம் வினவுவதுண்டு. அன்றாடப் பேச்சிலிருந்து நீங்கிப் பத்திரங்களில் மட்டும் வாழும் சொல் அது.

லத்தீன் மொழியில் ‘டென்ஸ்’ என்றால் பல். முற்காலத்து இங்கிலாந்தில் ஒரே தோலில் உடன்படிக்கையை இருமுறை எழுதி, இடையே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியைக் கொடுத்தனர். பிணக்கு நேர்ந்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பர். பற்கள் பொருந்தாவிடில் ஒன்று போலி. இரு தரப்பாரிடமும் பத்திரம் இருக்க வேண்டும் என்பது இச்சொல்லின் பிறப்பிலேயே உள்ளது. ஆகவே கையொப்பமிட்ட பத்திரத்தின் நகலைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

தமிழருக்கு இச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுருரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் நேட்டாலுக்குச் சென்றவர்கள் இண்டென்சர் தொழிலாளர்கள். ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல் அத்தகைய தொழிலாளரின் வாயில் ‘கிர்மிட்’ என மருவியது. தாம் படித்தறிய இயலாத தாளை நம்பிக் கடல் கடந்தோர் அவர்களுள் மிகப் பலர்.

அடுத்தது ‘மார்ட்கேஜ்’. பழைய பிரெஞ்சு மொழியில் இதற்கு ‘இறந்த ஈடு’ என்று பொருள். வீடு வாங்கும் வேளையில் கேட்கத் தகுந்த சொல்லன்று! நம் ஊர் ஒத்தியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒத்தியில் கடன் கொடுத்தவர் நிலத்தின் விளைச்சலை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பார், அசல் குறையாது. இவ்வாறு விளைச்சல் கடனைக் குறைக்காத ஈட்டையே அந்நாளில் ‘இறந்த ஈடு’ என்றனர். குறைத்தால் அது ‘உயிருள்ள ஈடு’. 17-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் வேறு விளக்கம் தந்தார்: கடன் தீராவிடில் நிலம் கடனாளிக்கு இறந்தது, தீர்ந்தால் ஈடு கடன் கொடுத்தவருக்கு இறந்தது. முன்னதே பழைமையானது எனினும், பின்னதே இன்றைய வழக்கத்துக்குப் பொருந்துகிறது என்பது எமது கருத்து. கடன் முற்றும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டுள்ளது.

‘லியன்’ என்பது ‘கட்டு’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. வைப்புத்தொகையின் மீது லியன் குறிக்கப்பட்டால், கட்டு அவிழும்வரை அத்தொகையை எடுக்க இயலாது.

நகைக் கடனில் நகை வங்கியின் பெட்டகத்துக்கு வந்துவிடுகிறது, அது ‘பிளெட்ஜ்’. வாகனக் கடனிலோ வண்டி உங்களிடமே ஓடும். ‘கீழே வைத்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ‘ஹைப்பாதிகேஷன்’ இதுவே. வண்டி கண்ணெதிரே நிற்பதால், கடன் தீர்ந்தபின்னும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் நீடிப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். விற்கும்போதுதான் தடை தெரிகிறது. கடைசித் தவணை முடிந்ததும் வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அப்பெயரை நீக்கிக்கொள்க.