கட்-ஆஃப் மட்டும் போதாது

ரயில்வே பணி நிமித்தம் நாக்பூரில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் படிக்கப் பேத்திக்கு ஆசை. 2007 முதல் அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதம் முழுமையாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, மொத்தம் 200. அவள் பெற்றது 92, 84, 88. ஆகவே 92+42+44=178. கிண்டியில் கணினிப் பிரிவு எட்டாக்கனி, வேறிடங்களில் முயலலாம்.

விண்ணப்பத்தில்தான் இடித்தது. எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒரு வகுப்பையேனும் வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பிறப்பிடச் சான்றிதழ் தரவேண்டும். கெடுவுக்கு நான்கு நாள் இருக்கையில் சொந்த ஊருக்கு ஓடினேன். என் பழைய பள்ளிச் சான்றிதழ் கைகொடுத்தது. நீங்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே வாங்கிவையுங்கள். சிக்னல் விழுந்தபின் பெட்டி கட்டலாகாது.