விரல் ரேகை ரீடர்: சிறியதாக்கினால் எதை இழக்கிறோம்?

வீட்டில் எல்லாரும் பாஸ்வேர்டை மறந்துவிடுகிறார்கள் என்று, ஆய்க்குடியில் உள்ள எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறிய விரல் ரேகை ரீடர் ஒன்றை வாங்கினேன். என் கட்டைவிரலை உடனே ஏற்றுக் கொண்டது. பல ஆண்டுகளாகப் பீடி சுற்றும் அம்மாவின் விரலை ஐந்து முறையும் மறுத்தது. "எனக்கு ரேகையே அழிஞ்சு போச்சாய்யா?" என்று கேட்டார்கள். அழியவில்லை, தேய்ந்திருந்தது. அதைப் படிக்கும் திறன் அந்த ரீடருக்கு இல்லை.

ஆப்டிகல் வகை ரீடரின் கண்ணாடிக்குக் கீழே ஒரு பிரிசம், எல்.இ.டி. விளக்கு, சிறு கேமரா ஆகியவை உள்ளன. ரேகையின் மேடு கண்ணாடியில் படும் இடம் கறுப்பாகவும், பள்ளம் வெளுப்பாகவும் படத்தில் தெரியும். ரேகைகள் முடியும், பிரியும் இடங்களைக் குறித்துக் கொண்டு சாப்ட்வேர் ஒப்பிடுகிறது. தேய்ந்த, உலர்ந்த விரல் கண்ணாடியில் சரியாகப் படியாததால் ரேகைகள் துண்டு துண்டாகத் தெரிகின்றன.

இதில் வடிவமைப்பவர் மூன்று சமரசங்களைச் செய்கிறார்.

1. கண்ணாடியின் அளவு: அங்குலத்திற்கு 500 புள்ளிகள் என்பது பொதுவான தரம். 15 மி.மீ. சதுரக் கண்ணாடியில் ஏறத்தாழ 90,000 புள்ளிகள் கிடைக்கும். கண்ணாடியைப் பாதி அகலமாக்கினால் பாதி ரேகைதான் கிடைக்கும்.

2. உயரம்: பெட்டியைத் தட்டையாக்க, கேமராவைக் கண்ணாடிக்கு அருகே வைக்க வேண்டும். அப்போது படத்தின் ஓரங்கள் வளைந்து மங்கும்.

3. கண்டிப்பு: எத்தனை இடங்கள் பொருந்தினால் போதும் என்பது. தளர்த்தினால் அந்நியர் நுழையலாம். இறுக்கினால் வீட்டாரே வெளியே நிற்க வேண்டியதுதான். இரண்டு தவறுகளையும் ஒருசேர இல்லாமல் செய்ய முடியாது.

2010ல் எண் வழங்கத் தொடங்கிய ஆதார் திட்டத்தில் பத்து விரல்களுடன் இரு கருவிழிகளையும் பதிவு செய்கிறார்கள். ஒன்று தவறினாலும் இன்னொன்று உதவும். வீட்டிலும் இதே வழிதான்.

கண்ணாடியை மென்மையான துணியால் துடைத்திடுங்கள். உலர்ந்த விரலை ஈரத் துணியில் ஒற்றி எடுத்து வையுங்கள். அதிகம் தேயாத விரல்களையும் சேர்த்துப் பதிவு செய்திடுங்கள். பின் எண்ணையோ பாஸ்வேர்டையோ எப்போதும் மாற்று வழியாக வைத்திருங்கள்.

அம்மாவின் இடது மோதிர விரல் இரண்டாம் முயற்சியிலேயே பதிவாகிவிட்டது.