‘என்னால் முடியுமா?’ – நீண்ட ஓட்டத்திற்கு முன் எழும் ஐயம்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று, ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, சில மாதங்கள் நடைப்பயிற்சி செய்து, பின்னர் மருத்துவரின் அனுமதியுடன் மெல்லோட்டம் பழகியவர்கள் பலரை வெளிநோயாளர் பிரிவில் காண்கிறோம். மூன்று கிலோமீட்டர் தூரத்தை அவர்கள் இடர்ப்பாடின்றிக் கடக்கிறார்கள். ஆயினும், “அடுத்து ஐந்து கிலோமீட்டர் முயலலாம்” என்று கூறியவுடன் முகம் மாறிவிடுகிறது. “என் இதயம் தாங்குமா, டாக்டர்?” என்று கேட்கிறார்கள். உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ, “இதுவே போதுமே” என்கிறார்கள்.

இந்த ஐயம் கோழைத்தனம் அன்று. ஒருமுறை உயிராபத்தைக் கண்டு மீண்டவரின் இயல்பான எச்சரிக்கை உணர்வு. ஆகவே அதனை அதட்டி விரட்ட வேண்டியதில்லை. அதனை ஒரு வினாவாக ஏற்றுக்கொண்டு, சான்றுகளைக் கொண்டு விடை காண வேண்டும். அதற்கான வழிமுறையே இக்கட்டுரையின் பொருள்.

முதற்சான்று: மருத்துவ மதிப்பீடு

‘என் இதயம் தாங்குமா?’ என்னும் வினாவுக்கு முதலில் விடை கூற வேண்டியவர் உங்கள் மருத்துவர். எக்கோ, டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகளையும், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் பார்த்து, எவ்வளவு உழைப்பு உங்களுக்குப் பாதுகாப்பானது என்பதை அவர் கூறுவார். அந்த மதிப்பீடு செய்துகொள்ளாதவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு ஓடத் தொடங்க வேண்டாம். மதிப்பீடு முடிந்து அனுமதி கிடைத்த பின்னரும் எஞ்சி நிற்கும் ஐயத்தைப் பற்றியே இனிப் பேசுகிறோம்.

உடலின் எச்சரிக்கையும் மனத்தின் ஐயமும்

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது. கீழ்க்காண்பவை உடலின் எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

• நெஞ்சில் வலி, இறுக்கம் அல்லது பாரம். அது கை, தாடை, முதுகு நோக்கிப் பரவுதல்
• தலைசுற்றல், கண் இருளுதல், மயக்கம் வருவது போன்ற உணர்வு
• ஒழுங்கற்ற, தாறுமாறான இதயத் துடிப்பு
• நின்ற பின்னரும் தணியாத மூச்சுத்திணறல்
• உழைப்புக்குப் பொருந்தாத குளிர்ந்த வியர்வை

அமர்ந்துகொண்டு, நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தால் அதனை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிடில், அல்லது மயக்கம் ஏற்பட்டால், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். தாமே வாகனம் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டாம். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். ‘ஓய்வெடுத்தவுடன் சரியாகிவிட்டது’ என்பதற்காக நெஞ்சிறுக்கத்தைப் புறக்கணித்துவிடக் கூடாது. உழைக்கும்போது தோன்றி, ஓய்வில் அடங்குவதே ஆஞ்சைனா வலியின் இயல்பு.

மனத்தின் ஐயமோ பெரும்பாலும் ஓடுவதற்கு முந்தைய இரவே வந்துவிடுகிறது. ‘நடுவழியில் விழுந்துவிட்டால்?’, ‘இந்த வயதில் இது தேவையா?’ என்று அது கேட்கும். ஓடத் தொடங்கிச் சிறிது நேரம் சென்றதும் அது தானாகவே மங்கும். இரண்டில் எது என்று தெளிவாக அறிய இயலாதபோது, அதனை உடலின் எச்சரிக்கை என்றே கொண்டு நிறுத்திவிடுங்கள். அன்றைய ஓட்டத்தை இன்னொரு நாளில் ஓடிக்கொள்ளலாம்.

முதல் சில நிமிடங்கள் தரும் மயக்கம்

புதிதாக ஓடுபவர்கள் பலர் முதல் சில நிமிடங்களிலேயே ‘என்னால் முடியாது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இதற்கு உடலியல் காரணம் உண்டு. ஓடத் தொடங்கியவுடன் தசைகளின் ஆக்சிஜன் தேவை சட்டென்று உயர்கிறது. அத்தேவைக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க நலமுள்ளவர்களுக்கே இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் ஆகும். இதய நோயிலிருந்து மீண்டவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். அந்த இடைவெளியில் மூச்சு வாங்குவதும் கால்கள் கனப்பதும் இயல்பு.

ஆகவே, முதல் பத்து நிமிடங்கள் நடந்து உடலை ஆயத்தப்படுத்திய பின்னரே ஓடத் தொடங்குங்கள். எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாத வரை, தூரத்தைப் பற்றிய எந்த முடிவையும் அந்தத் தொடக்க நிமிடங்களில் எடுக்காதீர்கள். வேகத்தை அளக்க எளிய வழி பேச்சு. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. பீட்டா பிளாக்கர் வகை மருந்து உட்கொள்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் உயராது. எனவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணைக் காட்டிலும் இந்தப் பேச்சுச் சோதனையே அவர்களுக்கு ஏற்றது.

நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, ஒருவருக்குத் தம் திறனில் நம்பிக்கை உண்டாகும் நான்கு வழிகளை 1977-இல் வகுத்துரைத்தார். தாமே செய்து முடித்த அனுபவம், தம்மைப் போன்றவர் செய்வதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கச் சொல், உடலுணர்வுகளுக்குத் தாம் கொள்ளும் பொருள் ஆகியவை அவை. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவது. ‘உங்களால் முடியும்’ என்று நூறு முறை கேட்பதைக் காட்டிலும், அரைக் கிலோமீட்டர் கூடுதலாக ஒருமுறை ஓடி முடிப்பது மிகுந்த பயன் தரும்.

இரண்டாவது வழிக்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மாரடைப்பு ஏற்பட்டவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பது வழக்கமாக இருந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் இதய மறுவாழ்வுத் திட்டத்தை நடத்திய டாக்டர் டெரன்ஸ் கவானா, மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி அளித்தார். அவர்களுள் ஒரு குழுவினர் 1973-இல் பாஸ்டன் மராத்தானில் ஓடினார்கள். மராத்தானின் தூரம் 42.195 கி.மீ. நீங்களும் மராத்தான் ஓட வேண்டும் என்பதற்காக இதனைக் கூறவில்லை. அவர்களும் சிறு தூர நடையிலிருந்தே தொடங்கினார்கள் என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

மூன்றிலிருந்து ஐந்துக்கு: ஆறு வாரங்கள்

வாரத்திற்கு மூன்று நாட்கள், இடையில் ஓய்வு நாள் விட்டுப் பயிற்சி செய்யுங்கள். இரண்டு நாட்கள் பழகிய தூரம். ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தின் அளவு பின்வருமாறு அமையலாம்.

முதல் வாரம் – 3 கி.மீ.
இரண்டாம் வாரம் – 3.5 கி.மீ.
மூன்றாம் வாரம் – 4 கி.மீ.
நான்காம் வாரம் – 3 கி.மீ. (உடல் தேறுவதற்காக)
ஐந்தாம் வாரம் – 4.5 கி.மீ.
ஆறாம் வாரம் – 5 கி.மீ.

இரண்டு நிமிடங்கள் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செல்லுங்கள். நடப்பதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். அது பயிற்சியின் ஒரு பகுதி. ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மீண்டும் செய்யுங்கள். இதயமும் தசைகளும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழகக் கூடுதல் காலம் ஆகும். ஆதலால், ‘முடியுமா என்று இன்றே பார்த்துவிடுவோம்’ என ஒரே நாளில் ஐந்தையும் ஓடிவிட முயல வேண்டாம். பொறுமையுடன் வந்தால், ஆறாம் வாரத்தின் ஐந்து கிலோமீட்டரில் உங்களுக்குப் புதியது கடைசி அரைக் கிலோமீட்டர் மட்டுமே.

வெயிலுக்கு முன்னரே ஓட்டத்தை முடித்துவிடுங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிற்கு அருகே சுற்றிவரக்கூடிய பாதையைத் தேர்ந்தால், எந்த இடத்திலும் எளிதில் நிறுத்திக்கொள்ளலாம்.

குடும்பத்தினருக்கு

உங்கள் அச்சமும் மதிக்கத்தக்கதே. அதனைக் குறைக்கும் வழியை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பண்டூராவும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், மாரடைப்பு ஏற்பட்டுச் சில வாரங்களே ஆன கணவர்கள் டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டார்கள். மனைவியருள் ஒரு பிரிவினர் அதனைப் பார்க்கவில்லை; மற்றொரு பிரிவினர் பார்த்தார்கள்; மூன்றாம் பிரிவினர் பார்த்ததோடு தாங்களும் அதே கருவியில் சிறிது நேரம் நடந்தார்கள். கணவரின் இதயத் திறன் குறித்து மிகுந்த நம்பிக்கை பெற்றவர்கள் இந்த மூன்றாம் பிரிவினரே.

எனவே, அடுத்த பரிசோதனையின்போது உடன் வாருங்கள். ஓடும் நாளில் ஒரு சுற்றாவது சேர்ந்து நடந்து பாருங்கள். மேலே கூறிய எச்சரிக்கை அறிகுறிகளை நீங்களும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அதன் பின்னர், ‘போதும், வேண்டாம்’ என்பதற்குப் பதிலாக, ‘இன்று எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள்.

ஓட்டம் முடிந்த ஒவ்வொரு நாளும் தூரம், உடலுணர்வு, ஓடுவதற்கு முன் இருந்த ஐயம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அதனைக் கொண்டு வாருங்கள். ‘என்னால் முடியுமா?’ என்னும் வினாவுக்கு உரிய விடை அதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.